ரேடியோவில் சொன்னால் துண்டு போட்ட மாதிரி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் விமானிப் பயிற்சி பெறுவது பற்றி உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையை என் தங்கை சாத்தூரிலிருந்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கட்டணம், விசா, மருத்துவச் சான்று, 200 மணி நேரம் பறக்க வேண்டிய கணக்கு, ஊருக்குத் திரும்பிய பிறகு எழுத வேண்டிய தேர்வுகள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஒரே ஒரு வரிதான் இடித்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்கள் வழிகாட்ட, மாணவர்கள் பாதுகாப்பாகத் தரையிறங்குவார்கள் என்று போட்டிருந்தீர்கள்.

ஐயா, பல இடங்களில் அந்தக் கோபுரமே கிடையாது.

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டில் உள்ள விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000. கோபுரம் இருப்பவை 500-ஐ ஒட்டித்தான். மற்ற இடங்களில் யாரும் யாருக்கும் அனுமதி தருவதில்லை. 'இறங்கலாமா?' என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நான் சனி, ஞாயிறுகளில் பாடம் எடுக்கும் இடமும் அப்படிப்பட்டதுதான். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், பாதாம் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஓடுபாதை. ஒரு தகரக் கொட்டகை, நாமே கார்டு தேய்த்து நிரப்பிக்கொள்ளும் ஒரு பெட்ரோல் பம்பு, காற்றடிக்கும் திசையைக் காட்டும் ஆரஞ்சு நிறத் துணிப்பை. அவ்வளவுதான். வார நாட்களில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. 2006-இல், நாற்பது வயதில்தான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு பயிற்றுநர் உரிமமும் வாங்கினேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழகியிருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் உங்கள் வாசகர்களாகவும் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

கோபுரம் இல்லை என்றால் எப்படி இறங்குகிறார்கள்? ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. நம் ஊரில் விமானிகள் அதை 'சர்க்கியூட்' என்பார்கள், இங்கே 'பேட்டர்ன்'. கோயில் பிரகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையை ஒரு பக்கமாக வைத்து, தரையிலிருந்து வழக்கமாக ஆயிரம் அடி உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு நீள்சதுரம். எல்லோரும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். ஒரே வித்தியாசம், கோயிலில் வலம் வருவோம். இங்கே இடம் வருவோம். விமானி இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பதால், இடப்பக்கம் திரும்பினால்தான் ஓடுபாதை கண்ணில் படும். வேறு மாதிரி அறிவித்திருந்தால் தவிர, எல்லாத் திருப்பங்களும் இடப்பக்கம்தான் என்பது சட்டம். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் பக்கம் 'டவுன்விண்ட்', அங்கிருந்து திரும்பிக் குறுக்கே வருவது 'பேஸ்', கடைசியாக ஓடுபாதைக்கு நேராக இறங்கி வருவது 'ஃபைனல்'. கடிதம் முழுக்க இந்த மூன்று பெயர்கள் வரும், மன்னிக்கவும்.

பிரகாரத்தில் நூறு பேர் சுற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எப்படி உள்ளே நுழைவீர்கள்? எதிரே வரமாட்டீர்கள். மேலிருந்து குதிக்கமாட்டீர்கள். ஓரமாக வந்து, வரிசையைப் பார்த்து, இடைவெளி இருக்கும் இடத்தில் சேர்ந்துகொள்வீர்கள். இங்கேயும் அதேதான். டவுன்விண்டின் நடுப்பகுதியைக் குறிவைத்து, 45 டிகிரி சாய்வாக, முன்கூட்டியே சுற்றுப்பாதையின் உயரத்துக்கு வந்துவிட்டுச் சேர வேண்டும். அப்படி வரும்போது டவுன்விண்டில் போகிறவர்கள் எல்லோரும் உங்கள் முன்கண்ணாடியில் தெரிவார்கள். அவர்களுக்கும் நீங்கள் பக்கவாட்டில் தெரிவீர்கள். சுற்றுப்பாதை இல்லாத பக்கத்திலிருந்து வருகிறவர், சுற்றுப்பாதைக்கு ஐந்நூறு அடிக்கு மேலேயே நடுவாகத் தாண்டிப்போய், ஒன்றிரண்டு மைல் தள்ளிப்போன பிறகு இறங்கித் திரும்பி, அதே 45 டிகிரியில் வந்து சேர வேண்டும்.

இதில் மாணவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு, தாண்டியவுடனே இறங்கிக்கொண்டே டவுன்விண்டுக்குள் திரும்புவது. செஸ்னா நிறுவனத்தின் சின்னப் பயிற்சி விமானத்தில் இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருக்கிறது. மேலே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பைப்பர் நிறுவனத்தின் பயிற்சி விமானங்கள் பலவற்றில் இறக்கை விமானியின் இடுப்புக்குக் கீழே. கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பைப்பர் மேலிருந்து இறங்க, செஸ்னா கீழே போய்க்கொண்டிருந்தால், இரண்டு பேருக்கும் கண் நன்றாக இருந்தும் பயனில்லை.

இந்த 45 டிகிரி வழியில் வர மூன்று நிமிடம் கூடுதலாக ஆகும். வாடகை விமானத்துக்கு மீட்டர் ஓடுகிறது. நான் பாடம் எடுக்கும் விமானத்துக்கு நிமிடத்துக்கு மூன்று டாலர் கணக்கு. வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வந்த பையனுக்கு மூன்று நிமிடம் என்பது ஒன்பது டாலர். அது அவன் மனதில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவனைத் திட்டி என்ன பயன்? 'அந்த ஒன்பது டாலரை நான் தருகிறேன் தம்பி, சுற்றி வா' என்று ஒருவனிடம் சொல்லியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளவில்லை, சுற்றி வந்தான்.

இனி ரேடியோ.

என் அப்பா அரசுப் பேருந்து கண்டக்டர். சாத்தூர், கோவில்பட்டி தடத்தில் பல வருடம் ஓடினார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். ஒரு நாள் முழுக்க டிரைவரோடு அவர் பேசும் பேச்சு அவ்வளவுதான். சில இளவட்டக் கண்டக்டர்கள் சும்மா சும்மா ஊதுவார்கள். அப்பாவுக்குப் பிடிக்காது. 'விசிலுக்கு மரியாதை போயிட்டா, ஆள் விழும்போது ஊதினாலும் டிரைவர் நிறுத்தமாட்டான்' என்பார். ரேடியோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இதுதான்.

பத்து மைல் தூரத்திலேயே அந்த ஊருக்கான அலைவரிசைக்கு மாறி, முதலில் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். யார் எங்கே இருக்கிறார்கள், எந்த ஓடுபாதையில் இறங்குகிறார்கள் என்பது பெரும்பாலும் கேட்டே தெரிந்துவிடும். அப்புறம் பேச வேண்டும். ஊர்ப் பெயர், நான் யார், எங்கே இருக்கிறேன், எவ்வளவு உயரத்தில், என்ன செய்யப் போகிறேன், மறுபடி ஊர்ப் பெயர். ஊர்ப் பெயர் இரண்டு தடவை ஏன் என்று எல்லா மாணவர்களும் கேட்பார்கள். ஒரே அலைவரிசையைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்கின்றன. மேலே போனால் அறுபது எழுபது மைலுக்கு அப்பால் உள்ள ஊரின் பேச்சும் நம் காதில் விழும். பட்டனை அமுக்கி முடிப்பதற்குள் பேசத் தொடங்கிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு என்பதால் முதல் வார்த்தை வெட்டுப்பட்டுப் போகும். கடைசியில் இன்னொரு தடவை சொன்னால்தான் 'ஓ, நம்ம ஊர்தான்' என்று தெரியும்.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். ஊரில் ஆர்டிஆர் எனப்படும் ரேடியோ உரிமத் தேர்வுக்குத் தயாராகும்போது வாக்கியங்களை மனப்பாடம் செய்கிறார்கள். மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். திருக்குறள் ஒப்பிக்கும் போட்டியில் மணி அடிப்பதற்குள் முடிப்பது போல. உச்சரிப்பைப் பற்றி யாரும் கூச்சப்பட வேண்டாம் என்பேன். சர்வதேச விதிப்படி மூன்றுக்கு ரேடியோவில் 'ட்ரீ' என்றுதான் சொல்ல வேண்டும், ஐந்துக்கு 'ஃபைஃப்', ஒன்பதுக்கு 'நைனர்'. நம் நாக்கு சொல்லும் 'ட்ரீ'தான் அங்கே சரி. நுனி நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் அமெரிக்கர்தான் விதியை மீறுகிறார்! வேகத்தைக் குறைத்தால் போதும்.

ரேடியோவில் பிழையாகப் பேசினால் என்ன ஆகும்? என் கதையையே சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம்.

நான் மாணவனாக, தனியாகப் பறக்க ஆரம்பித்த மூன்றாவது நாள். காலை ஏழு மணி, காற்றே இல்லை. துணிப்பை செத்த பாம்பு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஓடுபாதையின் ஒரு முனைக்கு 30 என்றும் எதிர் முனைக்கு 12 என்றும் எண். அதாவது 300 டிகிரி திசை, 120 டிகிரி திசை. நான் ஒரு செஸ்னாவில் 30-இல் இறங்கிக்கொண்டிருந்தேன். டவுன்விண்டில் எதிர்த்திசையில்தானே போவேன்? என் கண்ணுக்கு முன்னால் திசைகாட்டியில் 12 என்று தெரிகிறது. பட்டனை அமுக்கி, கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டேன்: 'லெஃப்ட் டவுன்விண்ட், ரன்வே ஒன் டூ.'

வடகிழக்கிலிருந்து ஒரு மூனி வந்துகொண்டிருந்தது. வேகமான விமானம், அனுபவமுள்ள குரல். நான் சொன்னதை நம்பி அவரும் 12-க்கே வருவதாகச் சொன்னார். ஓடுபாதைக்கு அந்தப் பக்கத்தில் டவுன்விண்டில் சேர்ந்தார். 'செஸ்னாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வருகிறேன்' என்றும் சொன்னார். நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் யாருமே இல்லை. எனக்குப் பெருமைதான், ஏதோ வரிசையில் முதல் ஆளாக இருக்கிறேன் என்று. உண்மையில் அவர் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் எனக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். நான் தென்கிழக்கு முனையில் பேஸுக்குத் திரும்பினேன். அவர் வடமேற்கு முனையில் திரும்பத் தயாராக இருந்தார். அடுத்த திருப்பத்தில் இரண்டு பேரும் ஒரே ஓடுபாதையை நோக்கி நேருக்கு நேர்.

அப்போது ஒரு மூன்றாவது குரல். பெட்ரோல் பம்பு பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, கையில் சின்ன ரேடியோவோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். முன்பு வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவர். பதறவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னார். பிறகு, 'செஸ்னா, உனக்கு முன்னால் தரையில் பெயின்ட் அடித்திருக்கும் எண்ணைப் படி' என்றார்.

பார்த்தேன். 30.

முழு வேகம் கொடுத்து மேலே ஏறி, வலப்பக்கமாக ஒதுங்கி, 'தப்பு என்னுடையது, நான் 30' என்று சொன்னேன். மூனிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. 'சரி, நான் கிழக்கே விலகிப் போகிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இறங்கிய பிறகு கால் நடுங்கி, விமானத்தைக் கட்டிவைக்கும் கயிற்றில் முடிச்சே போட வரவில்லை. பெரியவர் வந்து போட்டுக்கொடுத்தார். 'பட்டனை அமுக்கும் முன்பு தலையைத் திருப்பி ஓடுபாதையைப் பார். அங்கே எழுதியிருப்பதைச் சொல்' என்றார். பயிற்றுநர் ஆனதிலிருந்து நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் சொன்னதைத்தான்.

இன்னொன்று கொஞ்சம் சிரிப்பு. திருமங்கலத்துப் பையன் ஒருவன். நல்ல கை, ஆனால் தரை நெருங்கினால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். ரேடியோ பட்டன் அந்தக் கைப்பிடியில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிறு காலை, வழக்கமாகச் சலசலத்துக்கொண்டே இருக்கும் ரேடியோ கம்மென்று ஆகிவிட்டது. இன்றைக்கு யாருமே இல்லை போல என்று நினைத்து நானும் தாராளமாகத் தமிழில் பாடம் நடத்தினேன். 'தம்பி, காலை எடு... ரட்டரை மிதிக்காதே... டேய், டேய், மிதிக்காதேடா!' நான்கு நிமிடம் கழித்துத்தான் ரேடியோவில் 'ஒலிபரப்பாகிறது' என்று காட்டும் சின்ன விளக்கு எரிவதைக் கவனித்தேன். அவன் விரல் பட்டனிலேயே இருந்திருக்கிறது. பள்ளத்தாக்கு முழுக்க அன்று என் தமிழ்தான். பம்பு பக்கத்தில் இருந்த ஒருவர், 'டேய் என்றால் என்ன?' என்று கேட்டார். அன்பாகக் கூப்பிடுவது என்று சொல்லிவைத்தேன். இன்றுவரை என்னைப் பார்த்தால் கையை ஆட்டி 'டேய்!' என்கிறார்.

சிரிப்புதான், ஆனால் அந்த நான்கு நிமிடம் அந்த அலைவரிசையில் வேறு யாரும் ஒழுங்காகப் பேசியிருக்க முடியாது. விமான ரேடியோ பழைய ஏஎம் முறையில் வேலை செய்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால், கேட்பவருக்குக் கீச்சென்று ஒரு சத்தம்தான் வரும். அமுக்கியவர்கள் இருவருக்கும் தாங்கள் மோதிக்கொண்டது தெரியாது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்களே, அங்கே கோபுரம் இருந்தது. 'நில்லுங்கள்' என்று கோபுரம் சொன்னதும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று மற்ற விமானம் சொன்னதும் ஒரே நேரத்தில் விழுந்து, கேட்க வேண்டிய விமானத்தில் அந்தக் கீச்சொலிதான் கேட்டது. இதனால்தான், 'அந்தப் பகுதியில் யார் யார் இருக்கிறீர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்கும் வழக்கத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கூடவே கூடாது என்கிறது. கேட்பதற்குப் பணிவாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். ஒருவர் பேச்சும் புரியாது.

1996 நவம்பர் 12 நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குயின்சி என்ற கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் நடந்ததை இந்தியாவில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மாலை இருட்டும் நேரம். 12 பேரோடு ஒரு சிறிய பயணி விமானம் இறங்க வருகிறது. குறுக்கே வெட்டும் இன்னோர் ஓடுபாதையின் முனையில் கிங் ஏர் என்ற ரக விமானம் ஒன்று நிற்கிறது, அதன் பின்னால் செரோகி என்ற ரகத்தில் ஒரு சின்ன விமானம். வருகிற விமானம் ரேடியோவில் கேட்கிறது: முனையில் நிற்கிறவர் கிளம்பப் போகிறீர்களா, நிற்கப் போகிறீர்களா? கேள்வி கிங் ஏருக்கு. கிங் ஏரிலிருந்து பதில் இல்லை. பின்னால் இருந்த செரோகி, தான் காத்திருப்பதாகப் பதில் சொல்கிறது. அதே நொடியில் பயணி விமானத்துக்குள் உயர எச்சரிக்கைக் கருவி குரல் கொடுத்ததில், அந்தப் பதிலின் ஒரு பகுதி அடிபட்டுப் போகிறது. முன்னால் நிற்பவர்தான் காத்திருக்கிறேன் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு, இறங்குகிறார்கள். கிங் ஏர் கிளம்புகிறது. குறுக்குச் சந்திப்பில் மோதல், தீ. இரண்டு விமானங்களிலும் சேர்த்து 14 பேர். ரேடியோவில் ஒரு கேள்வி இருந்தது, ஒரு பதிலும் இருந்தது. பதில் சொன்னது வேறு ஆள்.

அந்தச் செரோகி விமானியை நான் குறை சொல்லமாட்டேன். தன்னைக் கேட்டதாக நினைத்துப் பதில் சொன்னார். விசாரணையில் முதன்மைக் காரணமாகச் சொன்னது, கிங் ஏரில் இருந்தவர்கள் ரேடியோவைச் சரிவரக் கவனிக்காததையும் மற்ற விமானங்களைத் தேடிப் பார்க்காததையும்தான். ஆனால் பயணி விமானத்தில் இருந்தவர்கள் எவ்வளவு ஒழுங்காகக் கேட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனது ஆறவில்லை.

இப்போது தலைப்பில் சொன்ன துண்டுக்கு வருகிறேன். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, மஞ்சப்பை, சில நேரம் கைக்குழந்தைகூட உள்ளே போகும். துண்டு போட்டவருக்கு சீட். அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். 'துண்டுக்கு நான் டிக்கெட் கிழிக்கிறதில்ல, ஆளுக்குத்தான்' என்பார். ஆனால் வானத்தில் பலர் ரேடியோவைத் துண்டாகத்தான் பயன்படுத்துகிறார்கள். 'பத்து மைலில் நேராக வருகிறேன்' என்று சொல்லிவிட்டால், அந்த ஓடுபாதை தனக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது போல.

2022 ஆகஸ்ட் 18. நான் இருக்கும் இடத்திலிருந்து மலையைத் தாண்டிப் போனால் வரும் கடலோர ஊர் வாட்சன்வில். கோபுரம் இல்லாத விமான நிலையம். ஒரு செஸ்னா 152 சுற்றுப்பாதையில் சுற்றிச் சுற்றி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு எஞ்சின் உள்ள செஸ்னா 340 ஒன்று சுற்றுப்பாதைக்கு வராமல், தொலைவிலிருந்தே நேராக ஃபைனலுக்கு வந்தது. இரண்டு விமானிகளும் ரேடியோவில் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். சின்ன விமானம் ஃபைனலில் போகும் வேகம் ஏறத்தாழ 60 நாட், அதாவது மணிக்கு 60 கடல் மைல். பின்னால் வந்த பெரியது 180 நாட்டை ஒட்டிய வேகத்தில். நீ ரொம்ப வேகமாக வருகிறாய், நான் இறங்காமல் மேலே போகிறேன் என்று 152-இன் விமானி சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினார். நேரம் போதவில்லை. மூன்று பேர் இறந்தார்கள்.

அந்த ரேடியோ உரையாடலைப் பாடத்துக்காகப் பலமுறை கேட்டிருக்கிறேன். யாரும் சத்தம் போடவில்லை. யாரும் விதியைச் சொல்லிச் சண்டை போடவில்லை. நேராக வருவது சட்டப்படி குற்றமும் இல்லை. சுற்றுப்பாதையில் இருப்பவர்களைக் கலைக்காமல் வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இறங்க வரும் இரண்டு விமானங்களில் தாழ்வாக இருப்பதற்கே முன்னுரிமை என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு இன்னொருவர் முன்னால் குறுக்கே நுழையக் கூடாது என்று அங்கேயே சேர்த்தும் சொல்கிறது. சண்டையில் ஜெயிக்க இந்தச் சட்டம் உதவும். 180 நாட்டில் வருகிறவரை நிறுத்த உதவாது. அதனால் என் மாணவர்களிடம் சொல்வது: முன்னுரிமை உனக்கே இருந்தாலும், சந்தேகம் வந்தால் நீ ஒதுங்கு. ஒதுங்குவதற்கும் ஒன்பது டாலர்தான்.

நேராக வருகிறவர்களிடம் இன்னொரு குறை உண்டு. கருவிகளை வைத்துப் பறக்கப் பழகியவர்கள், வரைபடத்தில் மட்டுமே இருக்கும் ஐந்தெழுத்துப் புள்ளியின் பெயரைச் சொல்லி 'அதைத் தாண்டிவிட்டேன்' என்பார்கள். இருபது மணி நேரம் பறந்த மாணவனுக்கு அது என்ன தெரியும்? 'தென்கிழக்கே ஐந்து மைல், இரண்டாயிரம் அடி, ஓடுபாதை 30-க்கு நேராக' என்று சொன்னால் அவனும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பான்.

பார்க்க வேண்டும் என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரேடியோவே இல்லாத விமானங்களும் இங்கே சட்டப்படி வரலாம். எங்கள் ஓடுபாதைக்கு மஞ்சள் நிறப் பைப்பர் கப் ஒன்று வரும். அதில் மின்சாரமே கிடையாது, எஞ்சினைக் கையால் சுற்றித்தான் கிளப்புவார்கள். அது எதுவும் சொல்லாமல் சுற்றுப்பாதையில் சேர்ந்து, எதுவும் சொல்லாமல் இறங்கிப் போய்விடும். இப்போது பிள்ளைகள் தொடையில் டேப்லெட்டைக் கட்டிக்கொண்டு, திரையில் மற்ற விமானங்கள் புள்ளிகளாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். மஞ்சள் கப் அந்தத் திரையில் வராது. நான் சில நேரம் டேப்லெட்டைப் பிடுங்கிப் பின் சீட்டில் போட்டுவிடுவேன். முகம் வாடும், பரவாயில்லை.

2025 ஜூலை 8 அன்று கனடாவின் மானிடோபா மாகாணத்தில், ஸ்டெய்ன்பாக் அருகே, இரண்டு மாணவ விமானிகள் சின்ன விமானங்களில் தரையிறங்கும் பயிற்சியின்போது மோதி இறந்தார்கள். ஒருவர் கேரளத்துப் பையன். அந்த வாரம் எனக்கு மதுரை, கோவை, நாமக்கல் என்று பல இடங்களிலிருந்து பெற்றோர்கள் போன் செய்தார்கள். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, 'கோபுரத்தில் இருந்தவர்கள் பார்க்கவில்லையா?' உங்கள் கட்டுரையில் இருந்த அதே நம்பிக்கை. அதனால்தான் அந்த ஒரு வரி எனக்கு இடித்தது.

வெளிநாடு என்று பொதுவாகச் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் சுற்றுப்பாதையில் சேரும் வழி வேறு. இங்கே 45 டிகிரி. கனடாவில், சுற்றுப்பாதை இல்லாத பக்கத்திலிருந்து ஓடுபாதையைச் சுற்றுப்பாதை உயரத்திலேயே நடுவாகத் தாண்டி டவுன்விண்டில் சேர்வது வழக்கம். பிரிட்டனில் ஓடுபாதைக்கு மேலே இரண்டாயிரம் அடியில் வந்து, விமானங்கள் சுற்றாத பக்கமாக இறங்கி, அப்புறம் சேர்வார்கள். ஒரு நாட்டில் பழகியவர் இன்னொரு நாட்டில் அதே வழியில் நுழைந்தால், பிரகாரத்தில் எதிர்த்திசையில் வந்த கதையாகிவிடும்.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பள்ளியிடம் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள், நல்லது. கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரே நேரத்தில் சுற்றுப்பாதையில் எத்தனை விமானங்களை விடுவீர்கள்? தனியாக அனுப்புவதற்கு முன்பு, பிள்ளையைத் தரையில் உட்கார வைத்து, கையில் ரேடியோவைக் கொடுத்து, எத்தனை மணி நேரம் வெறுமனே கேட்கச் சொல்வீர்கள்? இரண்டாவது கேள்விக்குச் சிரித்தார்கள் என்றால், வேறு பள்ளியைப் பாருங்கள். என் மாணவர்கள் இரண்டு சனிக்கிழமை அந்த மடக்கு நாற்காலியில் உட்காருகிறார்கள். பெரியவர் இப்போது இல்லை, நாற்காலி இருக்கிறது. ஒரு தாளில் நீள்சதுரம் வரைந்து, கேட்கும் ஒவ்வொரு குரலையும் அதில் புள்ளியாக வைக்க வேண்டும். பிறகு தலையைத் தூக்கி, புள்ளி வைத்த இடத்தில் விமானம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் பாதிப் புள்ளிகள் தப்பாக இருக்கும். பாதித் தப்பு அவர்களுடையது, மீதி மேலே இருந்து சொல்கிறவர்களுடையது!

திருமங்கலத்துப் பையன் போன மாதம் உரிமத் தேர்வில் தேறிவிட்டான். அவன் அம்மா போன் செய்தார். 'அண்ணே, வீட்டுல இவன் வாய் ஓயாம பேசுவான். அங்கே மைக்கைக் குடுத்தா ஊரையே கூட்டிருவானோன்னு எனக்குப் பயமாவே இருந்துச்சு' என்றார். இப்போதெல்லாம் அளந்துதான் பேசுகிறான் என்றேன். 'வீட்டுக்குப் போன் பண்ணாலும் அப்படித்தாண்ணே பேசுறான், நாலே வார்த்தை' என்று வருத்தப்பட்டுக்கொண்டார்.

அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாத்தூரில் பிறந்த ஒரு பகுதிநேர விமானப் பயிற்றுநர்,
ஃபிரெஸ்னோ அருகே, கலிபோர்னியா